மானியம் யார் கைக்குப் போகிறது?



வீட்டுச் செலவு என்றால் அரிசி, மா, சீனி, எண்ணெய் என்றுதான் நாம் பேசுவோம். இந்த மாதம் பாலைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். பாலின் சத்தைப் பற்றியோ பாலில் செய்யும் இனிப்புகளைப் பற்றியோ அல்ல. மாடு வளர்ப்பவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் பணத்தைப் பற்றி. அதற்குத்தான் மானியம் என்று பெயர்.

"இது கந்தோர்களில் இருப்பவர்களின் விஷயம், நமக்கு என்ன?" என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். யாழ்ப்பாணத்தில் மாடு வளர்க்கும் ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். விடியுமுன் எழுந்து தொழுவத்தைக் கூட்டுவது யார்? குழை வெட்டிப் போடுவது, தவிடும் பிண்ணாக்கும் கரைத்து வைப்பது, கன்றுக்கு விட்டுவிட்டுப் பால் கறப்பது யார்? பெரும்பாலான வீடுகளில் பெண்தான். ஆனால் மாட்டுக்கு மானியம் வருகிறது என்றால் விண்ணப்பத்தில் எழுதப்படும் பெயர் யாருடையது? பால் பணம் யாருடைய கணக்கில் விழுகிறது? இந்தக் கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

வளவுக்குள் ஒரு மாடு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மலைநாட்டில் இருப்பது போன்ற பெரிய புல்வெளிகளும் இல்லை. சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஊறும் கிணற்றுத் தண்ணீரை நம்பித்தான் தோட்டமும் மாடும். அதனால் இங்கே மாடு வளர்ப்பு பெரிய பண்ணைத் தொழிலாக இருந்ததில்லை. வளவுக்குள் ஒன்று இரண்டு, மிஞ்சினால் நான்கைந்து மாடுகள். வேலியில் நிற்கும் பூவரசும் முள்முருக்கும் சீமைக்கிளுவையும் தீனிக்கு உதவும். சாணம் வெங்காயத் தோட்டத்துக்கும் புகையிலைத் தோட்டத்துக்கும் உரமாகும். பால் வீட்டுக்குப் போக மிஞ்சியது அக்கம்பக்கத்துக்கும் சங்கத்துக்கும் போகும். கலியாணமோ வருத்தமோ பிள்ளையின் படிப்போ வந்தால் ஒரு கன்றை விற்றுச் சமாளிப்பார்கள். வங்கிக்குப் போகாத குடும்பத்துக்கு மாடுதான் வங்கி.

அந்த வங்கி இரண்டு முறை ஒரே நாளில் உடைந்தது. 1990 ஒக்டோபர் 30 அன்று யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். கையில் கொண்டுபோக முடியாத எல்லாவற்றையும், ஆடு மாடு உட்பட, விட்டுவிட்டே நம் மக்கள் புத்தளத்துக்கும் வேறு இடங்களுக்கும் போனார்கள். சரியாக ஐந்து வருடம் கழித்து, 1995 ஒக்டோபர் 30 அன்று, வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் வீட்டையும் தொழுவத்தையும் விட்டுத் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் நடந்தார்கள். வலிகாமம் வடக்கில் தோட்டமும் மேய்ச்சல் தரையும் நீண்ட காலம் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் அடைபட்டுக் கிடந்தன.

2009 இல் போர் முடிந்தது. திரும்பி வந்த குடும்பங்களில் எத்தனையோ குடும்பங்களுக்குத் தலைவி பெண். அவளுக்கு என்ன கொடுப்பது என்று அரசாங்கமும் தொண்டு நிறுவனங்களும் யோசித்தபோது, பல இடங்களில் கிடைத்த பதில் மாடு, ஆடு, கோழி என்பதுதான். எண்ணம் நல்லது. ஆனால் கொடுக்கும் முறையில்தான் எல்லாம் இருக்கிறது.

மானியம் வரும் மூன்று வழிகள்

மானியம் என்றால் கையில் காசு கொடுப்பது மட்டும் என்று நினைக்கக் கூடாது. அது மூன்று வழிகளில் வரும்.

முதலாவது, பொருளாக வரும். கறவை மாடு, பசுக்கன்று, தொழுவம் கட்ட உதவி, புல் நடுவதற்குக் கட்டைகள், கன்றுக்குத் தீனி, செயற்கை முறையில் சினைப்படுத்தும் வசதி ஆகியவை இந்த வகை. கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களம் ஊர் ஊராக உள்ள கால்நடை வைத்திய அலுவலகங்கள் வழியாக இந்த வேலைகளைச் செய்கிறது.

இரண்டாவது, விலையாக வரும். ஒரு லீற்றர் பாலுக்கு இன்ன விலைக்குக் குறையக் கூடாது என்று அரசாங்கம் நிர்ணயிக்கும். அல்லது சங்கத்துக்கு ஊற்றும் ஒவ்வொரு லீற்றருக்கும் மேலதிகமாக இத்தனை ரூபா என்று கொடுக்கும்.

மூன்றாவது, வரியாக வரும். இது கண்ணுக்குத் தெரியாது. வெளிநாட்டுப் பால்மாவுக்கு வரியைக் கூட்டினால் உள்ளூர்ப் பாலுக்கு உதவி. குறைத்தால் பால்மா வாங்குபவருக்கு உதவி. 2025 இல், உள்ளூர்ப் பாலில் செய்யும் திரவப் பாலுக்கும் யோகட்டுக்கும் பெறுமதி சேர் வரியிலிருந்து விலக்கு அளித்தார்கள். இதுவும் ஒரு வகை மானியமே.

இந்த மூன்றும் ஒரே திசையில் இழுத்தால் வண்டி ஓடும். ஒன்று முன்னாலும் ஒன்று பின்னாலும் இழுத்தால்? 2015 ஜனவரியில் நடந்ததைப் பாருங்கள். புதிய அரசாங்கத்தின் இடைக்கால வரவு செலவுத் திட்டத்தில் பாலுக்கு லீற்றருக்கு 70 ரூபா உத்தரவாத விலை என்று அறிவித்தார்கள். மாடு வளர்ப்பவர்கள் மகிழ்ந்தார்கள். அதே திட்டத்தில் 400 கிராம் பால்மாப் பக்கற்றின் விலையை 325 ரூபாவாகக் குறைத்தார்கள். அதைக் கேட்டு நாமும் மகிழ்ந்தோம்.

இப்போது ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். ஒரு கிலோ பால்மா செய்ய ஏறத்தாழ 8 லீற்றர் பால் வேண்டும். அப்படியானால் 400 கிராம் பக்கற்றுக்குள் இருப்பது மூன்று லீற்றருக்குச் சற்றுக் கூடிய பால். 325 ரூபாவை அதனால் பிரித்தால் லீற்றருக்கு 100 ரூபா அளவில் வருகிறது. யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு வாசலில் கிடைப்பது 70 ரூபா. மிச்சமுள்ள 30 ரூபாவுக்குள் பாலைச் சேகரித்து, குளிரூட்டி, பொதி செய்து, வாகனத்தில் ஏற்றி, கடைக்காரர் லாபமும் வைக்க வேண்டும். பால்மா மாதக் கணக்கில் கெடாமல் இருக்கும். பாலோ மத்தியான வெயிலில் திரைந்துவிடும். போட்டி எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் எடுத்தது போலத்தான் அது.

இந்த நாட்டில் பால் தொழிலுக்கு என்று 1954 இலேயே சட்டம் இயற்றிப் பாற்சபை அமைத்தார்கள். 1977 இல் திறந்த பொருளாதாரம் வந்த பிறகு பால்மா தாராளமாக இறங்கியது. நமக்குத் தேவையான பாலில் பாதியைக் கூட இன்னும் நாம் கறக்கவில்லை. மாடு இல்லாததால் மட்டும் வந்த நிலை அல்ல இது. வெந்நீரில் இரண்டு கரண்டி மாவைக் கரைப்பது நம் அடுப்படியின் வழக்கமாகிவிட்டதும் ஒரு காரணம்.

கப்பலில் வந்த பசுக்கள்

பொருளாகக் கொடுக்கும் மானியத்துக்கு ஒரு பெரிய பாடம் 2017 இல் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து 20,000 கறவைப் பசுக்களைக் கொண்டுவந்து, சலுகை விலையில் பண்ணையாளர்களுக்குக் கொடுப்பது என்று அரசாங்கம் ஓர் அவுஸ்திரேலிய நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தது. அந்த ஆண்டில் 5,000 பசுக்கள் கப்பலில் வந்து இறங்கின. அவை பெரும்பாலும் வசதி உள்ள நடுத்தர, பெரிய பண்ணைகளுக்கே போயின.

பிறகு என்ன நடந்தது? பல பண்ணைகளில் பசுக்கள் நோயுற்றன, இறந்தன. எதிர்பார்த்த பால் கிடைக்கவில்லை. குளிர் நாட்டில், குறைவில்லாத புல்லோடு வளர்ந்த இனம் நம் வெயிலுக்கும் நம் தீனிக்கும் பழகுவது எளிதா? கடன் வாங்கித் தொழுவம் கட்டியவர்கள் கடனாளிகளாக நின்றார்கள். மீதி 15,000 பசுக்கள் வரவில்லை. விசாரணைகளும் குற்றச்சாட்டுகளும் மட்டும் மிஞ்சின.

இதைப் பெரிய பண்ணைக்காரர்களின் கதை என்று விட்டுவிட முடியாது. அளவுதான் வேறு, பாடம் ஒன்றுதான். ஒரு விதவைத் தாய்க்கு ஒரு பசுக்கன்றைக் கொடுத்துப் புகைப்படம் எடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கன்று வளர்ந்து, சினைப்பட்டு, கன்று ஈன்று, முதல் பால் தருவதற்கு இரண்டரை மூன்று வருடமாகும். சினைக்காலம் மட்டுமே ஒன்பது மாதத்துக்கு மேல். அதுவரை யார் தீனி போடுவது? நன்றாக வளர்ந்த பசுவுக்கு அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைத் தீனி நாள்தோறும் வேண்டும். 300 கிலோ மாட்டுக்கு 30 கிலோ. கறவைக்கு வந்த பிறகு இரண்டு, இரண்டரை லீற்றர் பாலுக்கு ஒரு கிலோ வீதம் பிண்ணாக்கும் தவிடும் கலந்த தீனி வேண்டும். குடிக்கக் குடம் குடமாகத் தண்ணீர் வேண்டும். இரண்டு பரப்புக் காணியில் வீடும் கிணறும் வைத்திருப்பவள் இதற்கு எங்கே போவாள்?

அவள் கடைசியில் கன்றை விற்றுவிடுவாள். "மானியத்தில் கொடுத்ததை விற்றுவிட்டாள்" என்று ஊர் பேசும். குறை அவளிடம் இல்லை. மாட்டைக் கொடுத்தவர்கள் மாட்டுக்குப் பிறகு வருவதைக் கொடுக்கவில்லை. புல், வைத்தியர், பால் வாங்கும் ஆள் ஆகிய மூன்றும் இல்லாமல் கொடுக்கப்படும் மாடு, கையில் கொடுத்த செலவுச் சீட்டுத்தான்.

பக்கற்றுக்குப் பின்னால் உள்ள உலகம்

நாம் வாங்கும் பால்மா எந்த நாடுகளிலிருந்து வருகிறது, அங்கே அரசாங்கங்கள் என்ன செய்கின்றன என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது.

ஐரோப்பிய நாடுகள் தங்கள் பண்ணையாளர்களுக்கு நீண்ட காலமாகப் பெருந்தொகை மானியம் கொடுத்து வந்திருக்கின்றன. விலை உறுதி என்றதும் பண்ணையாளர்கள் கறந்து தள்ளினார்கள். களஞ்சியங்களில் வெண்ணெய் மலையாகக் குவிந்தது. அதனால் 1984 இல் ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் கறக்கலாம் என்று அளவு விதித்தார்கள். அந்த விதி 2015 வரை இருந்தது. மிஞ்சிய பால்மாவை ஏற்றுமதி மானியம் கொடுத்து ஏழை நாடுகளுக்கு மலிவாகவும் அனுப்பினார்கள். 2002 ஆம் ஆண்டளவில் ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களே ஒரு கணக்கைச் சொல்லி வெட்கப்பட்டன. ஓர் ஐரோப்பியப் பசுவுக்குச் சராசரியாக ஒரு நாளைக்குக் கிடைத்த மானியம் இரண்டு டொலருக்கு மேல். அன்று உலகில் கோடிக்கணக்கான மனிதர்களின் நாள் வருமானம் அதைவிடக் குறைவு. விவசாய ஏற்றுமதி மானியங்களை ஒழிப்பது என்று உலக வர்த்தக அமைப்பின் நாடுகள் 2015 இல் நைரோபியில்தான் ஒப்புக்கொண்டன.

நியூசிலாந்தின் கதை வேறு. நமக்குப் பால்மா அனுப்புவதில் முதலிடம் அந்த நாட்டுக்கு. அங்கே 1984 முதல் விவசாய மானியங்களை அடியோடு எடுத்துவிட்டார்கள். ஆனால் அவர்களுக்கு ஆண்டு முழுவதும் மழையும் புல்லும் உண்டு. பண்ணையாளர்களே சொந்தக்காரர்களாக உள்ள பெரிய கூட்டுறவு உண்டு. "அவர்கள் மானியம் இல்லாமல் வாழ்கிறார்களே, நீங்களும் வாழுங்கள்" என்று யாழ்ப்பாணத்துப் பெண்ணிடம் சொல்வது, நிழலில் நிற்பவர் வெயிலில் நிற்பவருக்குப் புத்தி சொல்வது போன்றது.

பக்கத்து நாடான இந்தியா இன்னொரு வழியைக் காட்டியது. 1970 இல் தொடங்கிய பால் பெருக்குத் திட்டத்தில், ஐரோப்பாவில் மிஞ்சிக் கிடந்த பால்மாவையும் வெண்ணெய் எண்ணெயையும் உலக உணவுத் திட்டத்தின் வழியாக நன்கொடையாகப் பெற்றார்கள். அதை அப்படியே மக்களுக்குப் பழக்கிவிடவில்லை. பாலாக்கி நகரங்களில் விற்று, அந்தப் பணத்தில் ஊர் ஊராகக் கூட்டுறவுச் சங்கங்களையும் குளிரூட்டும் நிலையங்களையும் கட்டினார்கள். குஜராத்தில் 1946 இல் தொடங்கிய அமுல் கூட்டுறவுதான் அதற்கு மாதிரி. வர்கீஸ் குரியன் அதை முன்னின்று நடத்தினார். 1996 இல் திட்டம் முடியும்போது இந்தியா வெளிநாட்டுப் பால்மாவை நம்பியிராத நாடாகியிருந்தது. வெளியிலிருந்து வந்த பால்மா அங்கே ஏணியானது. நமக்கோ அது ஊன்றுகோலாகவே இருந்துவிட்டது.

அங்கே மானியம் கொடுக்கும் முறையையும் கவனியுங்கள். கர்நாடகத்தில் 2008 முதல், சங்கத்துக்குப் பால் ஊற்றுபவருக்கு அரசாங்கம் லீற்றருக்கு இத்தனை ரூபா என்று ஊக்கத்தொகை கொடுக்கிறது. இரண்டு ரூபாவில் தொடங்கிய அது பிறகு ஐந்து ரூபாவானது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பர் முதல் ஆவின் சங்கங்களுக்குப் பால் ஊற்றுபவர்களுக்கு லீற்றருக்கு மூன்று ரூபா ஊக்கத்தொகை அறிவித்தார்கள். இந்த முறையில் ஒரு நன்மை உண்டு. யார் பால் ஊற்றினாரோ அவருக்குத்தான் பணம். எத்தனை லீற்றர் ஊற்றினாரோ அத்தனைக்குத்தான் பணம். புகைப்படத்துக்கு நிற்பவருக்கு இதில் வேலை இல்லை. ஆறு லீற்றர் ஊற்றுபவருக்கு ஐந்து ரூபா வீதம் மாதம் 900 ரூபா. சின்னத் தொகைதான். ஆனால் அது ஒவ்வொரு மாதமும் வரும், கேட்டு நிற்க வேண்டியதில்லை. தாமதமானால் புத்தகத்தைக் காட்டிக் கேட்கலாம். பெண்கள் மட்டுமே உறுப்பினராக உள்ள பால் சங்கங்களும் அங்கே நிறைய உண்டு. கணக்குப் புத்தகம் பெண்ணின் பெயரிலேயே இருக்கும்.

நெருக்கடி சொல்லித் தந்தது

2021, 2022 ஆம் ஆண்டுகளை நாம் மறந்திருக்க மாட்டோம். 2021 ஒக்டோபரில் பால்மாவுக்கு இருந்த விலைக் கட்டுப்பாட்டை எடுத்தார்கள். 380 ரூபாவாக இருந்த 400 கிராம் பக்கற் 480 ஆனது. 2022 மார்ச்சில் 790 ஆனது. மேலே போட்ட அதே கணக்கைப் போட்டால் லீற்றருக்கு ஏறத்தாழ 250 ரூபா. அந்த விலைக்கும் கிடைக்காமல் பெண்கள் கைக்குழந்தையோடு வரிசையில் நின்றார்கள். அப்போதுதான் "பக்கத்து வளவில் பால் இருக்கிறதா?" என்று பலரும் தேடினார்கள்.

ஆனால் பக்கத்து வளவிலும் நெருக்கடி. பிண்ணாக்கும் தவிடும் விலை ஏறிவிட்டன. மாட்டு மருந்து கிடைக்கவில்லை. பெற்றோல் இல்லாமல் வைத்தியர் வர முடியவில்லை, பால் வாகனமும் ஓடவில்லை. அதற்கு முன்பே, 2020 இல், மாட்டின் தோலில் முடிச்சு முடிச்சாக வரும் நோய் வட மாகாணத்தில் பரவியிருந்தது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலையொட்டி வீசிய குளிர் காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் இறந்தன. இத்தனை அடிக்கும் மேலே நின்று பால் கறந்தவள்தான் அந்தத் தாய்.

2023 இல் பால்மா விலை சற்று இறங்கியது. நம்மில் எத்தனை பேர் பக்கத்து வளவுப் பாலை நிறுத்திவிட்டு மறுபடியும் பக்கற்றுக்குப் போனோம் என்பதை அவரவர் மனதுக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும். ஏனென்றால் அரசாங்கம் தரும் எந்த மானியத்தையும் விடப் பெரியது, நாள்தோறும் தவறாமல் வாங்கும் அரை லீற்றர். மானியம் அரசாங்கம் மாறினால் மாறும். வாடிக்கை மாறாது.

என்ன செய்யலாம்?

மாடோ ஆடோ வளர்க்கும் சகோதரிகளுக்குச் சில வார்த்தைகள்.

முதலில் பெயர். பால் ஊற்றும் புத்தகம் யார் பெயரில் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் யாழ்கோ என்று மக்கள் அழைக்கும் கால்நடை வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் பால் வாங்குகிறது. மில்கோவும் தனியார் நிறுவனங்களும் வடக்கில் பால் சேகரிக்கின்றன. எதற்கு ஊற்றினாலும், கறப்பவளே உறுப்பினராக இருப்பது நல்லது. கணவர் மீது நம்பிக்கை இல்லாததற்காக அல்ல. சங்கத்தின் கூட்டத்தில் பேசவும், கடன் கேட்கவும், மானியப் பட்டியலில் இடம்பெறவும் உறுப்பினருக்குத்தான் வழி உண்டு. அவர் வெளிநாடு போனாலும், அல்லாஹ் காப்பானாக, வேறு ஏதும் நேர்ந்தாலும் குடும்பத்தின் வருமானம் ஒரு நாளும் நிற்காது. பெண் உழைத்துச் சேர்த்தது பெண்ணுக்கே உரியது என்று மார்க்கம் ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே சொல்லிவிட்டது. அந்த உரிமையைப் புத்தகத்தில் எழுதி வைப்பதில் தவறு என்ன இருக்கிறது?

இரண்டாவது பதிவு. உங்கள் மாடுகளைக் கால்நடை வைத்திய அலுவலகத்தில் பதிந்து, காதில் இலக்கத் தகடு போட்டுக்கொள்ளுங்கள். "தகடு போட்டால் மாட்டுக்கு நோகும்" என்று விட்டுவிடாதீர்கள். நோயோ புயலோ வந்து நட்டஈடு என்று கேட்கும் நாளில், பதிவில் இல்லாத மாடு இருந்த மாடாகவே கணக்கில் வராது.

மூன்றாவது கேள்வி. மாடு தருகிறோம் என்று யாராவது வந்தால் சந்தோஷத்தில் உடனே கைச்சாத்து வைக்காதீர்கள். எந்த இனம், எத்தனை வயது, சினைப்பட்டதா, தடுப்பூசி போட்டதா என்று கேளுங்கள். முதல் வருடத் தீனிக்கு உதவி உண்டா என்று கேளுங்கள். பால் எடுக்க வண்டி எந்தச் சந்தி வரை வரும் என்று கேளுங்கள். இடம் போதாது என்றால் மாட்டுக்குப் பதில் ஆடு தர முடியுமா என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் ஜம்னாபாரி ஆடு நன்றாக வளர்கிறது. வேலிக் குழையே அதற்குப் பெரும்பாலும் போதும். கேள்வி கேட்பது நன்றி கெட்டதனம் அல்ல. அந்தப் பணம் யாருடைய தருமமும் அல்ல. சோப்பு வாங்கும்போதும் தீப்பெட்டி வாங்கும்போதும் நாம் எல்லோரும் கட்டிய வரி அது.

நான்காவது கணக்கு. ஒரு பழைய கொப்பியில் மூன்று கோடு போடுங்கள். இன்று ஊற்றிய பால், தீனிக்குச் செலவு, கையில் வந்த காசு. ஒரு மாதம் எழுதினால் மாடு உங்களுக்கு உழைக்கிறதா, நீங்கள் மாட்டுக்கு உழைக்கிறீர்களா என்று தெரிந்துவிடும். மானியம் வேண்டும் என்று அலுவலகத்தில் பேசப் போகும்போதும் அந்தக் கொப்பியைக் கொண்டுபோங்கள். கண்ணீரை விடக் கணக்குக்கு மதிப்பு அதிகம்.

ஐந்தாவது நேர்மை. சங்கத்தில் பாலின் கொழுப்பையும் மற்றத் திண்மத்தையும் சோதித்துத்தான் விலை போடுகிறார்கள். உமர் (ரலி) அவர்கள் இரவில் நகரைச் சுற்றி வந்தபோது, பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாய்க்கு மகள் சொன்ன பதிலை நாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். கலீபா பார்க்காவிட்டாலும் அல்லாஹ் பார்க்கிறான் என்ற அந்தப் பெண்ணையே உமர் (ரலி) தம் மகனுக்கு மணமுடித்து வைத்தார்கள். ஒருத்தி கலக்கும் தண்ணீர் ஊரின் பால் முழுவதற்கும் கெட்ட பெயர் வாங்கித் தரும். பக்கற் வாங்குவதற்கு நம் பெண்கள் சொல்லும் முதல் காரணமே, "ஊர்ப் பாலை நம்ப முடியாது" என்பதுதானே!

மாடு இல்லாத சகோதரிகளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். பால்மாவை ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்கும் பயணத்துக்கும் அது உதவும். வீட்டில் பிள்ளைகளுக்கு என்று நாளுக்கு அரை லீற்றர் பாலை அருகிலுள்ள ஒரு தாயிடமோ சங்கத்திலோ வாங்குங்கள். நன்றாகப் பொங்கக் காய்ச்சிக் கொடுங்கள். மாத முடிவில் காசை அவள் கையிலேயே கொடுங்கள்.

உங்கள் ஊரில் மாட்டு மானியம் எப்படிக் கொடுக்கப்பட்டது, யாருக்குக் கிடைத்தது, கிடைத்த மாடு இன்று எங்கே நிற்கிறது என்று எழுதுங்கள். நல்லதாக நடந்திருந்தால் அதையும் எழுதுங்கள், மற்ற ஊர்ப் பெண்களுக்கு அது வழிகாட்டியாகும்.